பூட்டிய பீரோவில் திறந்த உறை

1971-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்பத்தூரில், பூட்டிய இரும்பு பீரோவுக்குள் இருந்த ஒட்டிய உறையை, பத்தடி தள்ளி நாற்காலியில் சாய்ந்தபடி, சுண்டு விரலைக்கூட அசைக்காமல் திறந்து காட்டினார் பூந்தமல்லி கலீல் ரகுமான். சாவி வேறொருவர் இடுப்பில் இருந்தது. மந்திரம் இல்லை, கம்பி இல்லை, கையாள் இல்லை. இதைச் சொன்னால் ஆவடியில் சிரிக்கிறார்கள், திருமழிசையில் எழுந்தே போய்விடுகிறார்கள். ஆனாலும் நடந்தது நடந்ததுதான்.

கலீல் ரகுமான் முப்பத்தோரு வருடம் தபால் ஆபீஸில் கடிதம் பிரித்து அடுக்கி ஓய்வு பெற்றவர். ஓர் உறையைக் கையில் வாங்கினால் போதும், அதை எழுதியவர் எழுதும்போது சாப்பிட்டிருந்தாரா பட்டினியா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அவருடைய சீடன் வேம்புலி, அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத்து ஓட்டுபவன். துப்பறிவதில் அவனுக்கு இருந்த ஆர்வத்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றியிருந்தால் கொரட்டூர் ஏரி கரை உடைந்திருக்கும்.

அன்று காலை பதினோரு மணிக்கு அந்த வேம்புலி ஒரு பெண்மணியைப் பின்னால் உட்கார வைத்து, சைக்கிளை மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு பூந்தமல்லி வந்து சேர்ந்தான்.

"பாய், இது எங்க தெரு சொர்ணக்கா. திருகாணி கம்பெனில பொட்டலம் கட்டுது. கேஸு கீது பாய், பெரிய கேஸு."

சொர்ணம் உட்காரவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"என் பொண்ணு நாகவல்லியைத் திருடின்னுட்டாங்க பாய். சாயந்தரம் ஆறு மணிக்குக் கமிட்டியாம். ஆறரைக்கு இஸ்கூலுக்கு லெட்டர் போவுதாம். அது போச்சுன்னா நன்னடத்தை சர்ட்டிபிகேட்டு கெடைக்காது. காலேஜும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாளைக்கே என் பக்கத்துல குந்திகினு திருகாணி எண்ண வேண்டிதுதான்."

"முதல்ல தண்ணி குடிங்க தங்கச்சி," என்றார் கலீல் ரகுமான். "அப்புறம் நேத்துலேர்ந்து சொல்லுங்க. ஒண்ணையும் தாண்டாம."

அவள் சொன்னது இது. அம்பத்தூரில் இளைஞர் கல்விச் சேவைக் கழகம் என்று ஒன்று. வருடத்துக்கு ஒரு மாணவரை 'இளந்தலைவர்' என்று தேர்ந்தெடுத்துக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் கழகமே ஏற்றுக்கொள்ளும். தேர்வு ஒரே ஒரு பேச்சுப் போட்டி. தலைப்பைச் செயலாளர் சம்பத் சனிக்கிழமை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கழகத்து பீரோவில் வைப்பார். ஞாயிறு காலை தலைவர் கஜபதி எல்லார் முன்னாலும் பிரிப்பார். அதுவரை ஈ காக்கைக்குத் தெரியக்கூடாது. இன்று காலை ஒன்பது மணிக்குக் கஜபதி பீரோவைத் திறந்தால், உறை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

விருந்தாளிகள் வந்துவிட்டதால் போட்டியை நடத்தி முடித்தார்கள். 'உங்கள் தெருவின் குறையை எப்படித் தீர்ப்பீர்கள்?' என்பது தலைப்பு. மற்றப் பிள்ளைகள் தடுமாறினார்கள். நாகவல்லி மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் மாதிரி பேசினாள். அதுதான் அவளுக்கு வினையாகிவிட்டது.

"நேத்து அவ அங்க இருந்தாளா?"

"போர்டு எழுதக் கூப்ட்டாங்க. கையெழுத்து நல்லா இருக்கும். ஒண்ணரைலேர்ந்து மூணு மணி வரைக்கும் தனியாதான் இருந்தாளாம். மூணு மணிக்குத் தலைவரு வந்துதான் பீரோவைப் பூட்னாராம்." சொர்ணத்தின் குரல் இறங்கியது. "அவ திருடி இல்லன்னு மட்டும் நீங்க சொன்னாப் போதும் பாய். காலேஜு போனா போவுது."

"ரெண்டும் ஒண்ணா வரும், இல்லேன்னா ரெண்டும் வராது," என்று சொல்லிக்கொண்டே கலீல் ரகுமான் செருப்பை மாட்டினார்.

கழகக் கட்டடம் ஓ.டி. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஒற்றைக் கூடம். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. நாகவல்லி கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவளுக்கு எதிரே, கதவை அடைத்துக்கொண்டு கஜபதி நின்றார். அவர் கனைத்தால் முகப்பேரில் நெல் காய வைத்தவர்கள் இடி இடிக்கிறது என்று அள்ளிவிடுவார்கள்.

"வாங்க பாய். நீங்க வந்தா மட்டும் ஒட்டின கவரு தானா தெறந்துக்கிச்சுன்னு ஆயிடுமா?"

"அப்படி நான் இன்னும் சொல்லலையே," என்றார் கலீல் ரகுமான். "கவரைக் குடுங்க."

காக்கி உறை. மேலே சம்பத்தின் கையெழுத்தில் நீல மையில் 'ரகசியம்' என்று இருந்தது. மூடியை வெளிச்சத்துக்குக் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேம்புலி அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து மூச்சு விட்டான்.

"பாய், கெட்டில் ஆவி காட்டிருப்பாங்க. இல்லன்னா கொண்டை ஊசி."

"ஆவி காட்டினா காகிதம் சுருங்கும், மை பரவும். இது நேத்து கடையில வாங்கின மாதிரி கீது. ஊசி போட்டா ஓரம் கிழியும். ஒரு நூல்கூடக் கிழியல." மூடியின் உள்பக்கத்தை விரல் நுனியால் தடவினார். "கோந்து தடவினா பிரஷ் போன வழி நீளமாத் தெரியும். இங்க பொட்டுப் பொட்டா, சொரசொரன்னு இருக்கு."

செயலாளர் சம்பத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒல்லியான மனிதர். எஸ்டேட் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா.

"நான் சரியாத்தான் ஒட்டினேன் சார். அழுத்தி, மேல ரிஜிஸ்டரை வச்சு, நல்லாவே ஒட்டினேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி. சனிக்கிழமை எனக்கு அரை நாள். ஆபீஸிலிருந்து நேரா இங்க வந்துட்டேன். வேலையை முடிச்சிட்டு ஒண்ணே காலுக்குக் கிளம்பினேன்."

கலீல் ரகுமான் கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். மேஜை மேல் கோந்து பாட்டில். மேஜைக்கடியில் குப்பைக்கூடை, அதில் கறுத்துப்போன ஒரு வாழைப்பழத் தோல். கூடையிலிருந்து பீரோவின் கால் வரை தரையில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. குனிந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

வேம்புலிக்குத் தாங்கவில்லை. "இன்னா பாய் கண்டுபுடிச்சீங்க?"

"மணி பாக்கணும்." சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. "சம்பத் சார், நேத்து செஞ்ச மாதிரியே இன்னொரு கவர் ஒட்டுங்க. அதே இடம், அதே நேரம். கையில என்ன எடுத்தீங்களோ அதையே எடுங்க."

சம்பத் புது உறை ஒன்றை எடுத்தார். கோந்து பாட்டிலை இழுத்தார். மூடியைத் திருகினார். பிரஷ், பாட்டிலோடு ஒன்றாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. அந்தக் கோந்தை உடைக்க வேண்டுமென்றால் எஸ்டேட்டிலிருந்து சம்மட்டி கொண்டுவர வேண்டும். அவர் இழுத்தார், பாட்டிலே மேலே வந்தது. கீழே வைத்தார்.

"இது பொங்கலுக்கு முன்னாலேயே செத்துப்போன பாட்டில்," என்றார் கலீல் ரகுமான். "நேத்து எதால ஒட்டினீங்க? தயங்காதீங்க. அந்தப் பொண்ணைப் பார்த்துச் சொல்லுங்க."

சம்பத் நாகவல்லியைப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தியிருந்தாள்.

"சோத்தால," என்றார் மெதுவாக. "சாப்ட்டு முடிச்சேன். ஒரு வாழைப்பழமும் தின்னேன். கோந்து இல்ல. டிபன் பாக்ஸுல நாலு பருக்கை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நசுக்கித் தடவிட்டேன். எல்லாரும் செய்யறதுதானே சார். தலைவர் கோந்து வாங்கச் சொல்லி மூணு தடவை சொன்னாரு. மறந்துட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"யோவ் சம்பத்து," என்று கஜபதி உறுமினார். "காலைலேர்ந்து வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சோறா இருந்தா இன்னா, கோந்தா இருந்தா இன்னா?" என்று அதே மூச்சில் அவர் கலீல் ரகுமானிடம் திரும்பினார். "ஒட்டினது ஒட்டினதுதான். சோறு நல்லாவே ஒட்டும். எங்க ஊட்டுல பஞ்சாங்கமே அதுலதான் நிக்குது. தானா தெறக்காது."

"அப்ப தெறக்க வச்சுப் பாப்போம். சம்பத் சார், இன்னிக்கும் பாக்ஸு கொண்டுவந்தீங்களா?"

கொண்டுவந்திருந்தார். எதிர்க்கடையில் வேம்புலி ஒரு வாழைப்பழம் வாங்கி வந்தான். தூக்குமேடைக்குப் போகிறவர் மாதிரி சம்பத் அதைத் தின்றார். அதே விரலால் நாலு பருக்கையை நசுக்கித் தடவினார். உறையைச் சரியாக ஒரு மணிக்கு பீரோவில் வைத்தார்கள். நேற்று போலவே மூன்று மணி வரை பூட்டவில்லை. ஆனால் ஆறு பேரும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பீரோவையே பார்த்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் போன வேகத்தில் பூந்தமல்லியிலிருந்து காசிக்கு நடந்தே போய் வந்திருக்கலாம். சொர்ணம் ஒரு தடவை எழுந்து மகளின் பின்னலைச் சரிசெய்தாள். ரிப்பன் அவிழ்ந்தது, அப்படியே விட்டுவிட்டாள்.

"பாப்பா," என்று கலீல் ரகுமான் பேச்சுக் கொடுத்தார். "தெருக் குறையைப் பத்தி அவ்வளவு எப்படிப் பேசினே?"

"எங்க தெருவுல ஒரே கொழாதான் சார். தெனம் சண்டை, மண்டை ஒடையும். நான் ஊட்டுக்கு ஒரு நம்பர் எழுதிக் குடத்துல ஒட்டினேன். ஒத்தைப்படை காலைல, ரெட்டைப்படை சாயந்தரம். புள்ளத்தாச்சிக்கு நம்பர் கெடையாது, எப்ப வந்தாலும் மொதல்ல. எட்டு மாசமா சண்டை இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "செஞ்சதைச் சொல்ல எதுக்கு சார் கவரைப் படிக்கணும்?"

"பேச்சு நல்லாதான் கீது," என்றார் கஜபதி. "அதான் பயமா கீது."

மூன்று மணி அடித்தது. உறையை எடுத்து கலீல் ரகுமான் வேம்புலியிடம் நீட்டினார். "கிழிக்காம தெற பாக்கலாம்."

வேம்புலி மூடியின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்தான். காகிதம் 'சர்'ரென்று பிய்ந்து வந்தது. "வுடு, வுடு," என்று கலீல் ரகுமான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். ஓரத்தில் அரை அங்குலம் கிழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் இறுகிப் பிடித்திருந்தது.

"எல்லாரும் பார்த்துக்குங்க. மூணு மணிக்கு இது இப்படி இருந்துச்சு. பூட்டுங்க தலைவரே. சாவி உங்க இடுப்புலேயே இருக்கட்டும். ஆறு மணி வரைக்கும் எழுந்திருக்காதீங்க."

கஜபதி பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்தார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கலீல் ரகுமான் பத்தடி தள்ளி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வெளியே செய்தி பரவி மற்றப் பிள்ளைகளும் பெற்றோரும் திரும்பி வந்து வாசலை அடைத்தார்கள். நாலரைக்கு வேம்புலி முணுமுணுத்தான்: "பாய், ஒருவேளை தெறக்கலன்னா?"

"அப்ப நான் தப்பு. லெட்டர் போயிடும்."

அதைக் கேட்ட சொர்ணம் அதன்பிறகு கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

ஆறு மணிக்குக் கஜபதி எழுந்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. கதவு கிறீச்சிட்டது. இரண்டாவது தட்டில் உறை கிடந்தது. அதன் மூடி, கொட்டாவி விடுகிறவன் வாய் மாதிரி, மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது. அதன் உள்விளிம்பிலிருந்து தட்டின் ஓரம், அங்கிருந்து பீரோவின் அடிச்சந்து, தரை, கூடை என்று ஒரு படை போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு.

"சித்தெறும்பு," என்றான் வேம்புலி, நம்பாதவன் குரலில்.

கலீல் ரகுமான் அப்போதுதான் நாற்காலியை விட்டு எழுந்தார். "கூடையிலே பழத்தோல். அதுக்கு வந்ததுங்க, பழம் தொட்ட விரலோட வாசனை பிடிச்சு மேல ஏறிடுச்சுங்க. கோந்துன்னா தீண்டாது. கெட்டியா தடவின பசைன்னாலும் இவ்வளவு சுளுவா முடியாது. சம்பத் சார் வச்சது பருக்கை. பொட்டுப் பொட்டா எடுத்துட்டுப் போயிடுச்சுங்க. அதான் அந்தச் சொரசொரப்பு."

"சரி பாய்," என்றார் கஜபதி. குரல் பாதியாகக் குறைந்திருந்தது. "எறும்பு தெறந்துச்சு. தெறந்தப்புறம் இவ படிக்கலன்னு எப்படிச் சொல்வீங்க?"

"நல்ல கேள்வி. அதுக்குத்தான் மூணு மணிக்குப் பார்த்தோம். நேத்து அவ இங்க இருந்தது மூணு வரைக்கும். அந்நேரம் கவர் எப்படி இருக்கும்னு வேம்புலி நகமே சொல்லிடுச்சு. கிழிக்காம தெறக்க முடியாது. நேத்தைய கவர்ல ஒரு கிழிசல்கூட இல்ல. அப்ப அது அவ போனதுக்கு அப்புறம்தான் தெறந்திருக்கு. அவ போனதும் பீரோவைப் பூட்டியாச்சு, சாவி ஒண்ணுதான். அது யாரு இடுப்புல இருந்துச்சு?"

கஜபதி தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பள்ளிக்கு எழுதித் தயாராக வைத்திருந்த கடிதத்தை மேஜையிலிருந்து எடுத்தார். படித்தார். நாலாகக் கிழித்தார். சம்பத் கையை நீட்டினார், துண்டுகளைக் கஜபதி அவர் கையில் கொடுக்காமல் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

"காலைல எல்லார் முன்னாலயும்தான் திருடின்னு சொன்னேன்," என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு நடந்தார். நாகவல்லியைத் தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார். வாசலில் நின்ற கூட்டத்தில் யாரோ, "இன்னா தலைவரே, எறும்பு கவரு தெறந்துச்சாமே, காதுல பூவா?" என்று சிரித்தார்கள்.

கஜபதி கனைத்தார். ஓடுகள் அதிர்ந்தன.

"சிரிக்காதீங்க. பூட்னவன் நான். சாவி என் கிட்ட. தெறந்தவன் நான். நம்பாம மூணு மணி நேரம் குந்திகினு இருந்தவனும் நான்தான். இந்தப் பொண்ணு எதையும் தொடல. இந்த வருஷத்து இளந்தலைவர் இவதான். அந்தக் கவரு..." மேலே சொல்ல அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. "தானாத்தான் தெறந்துச்சு. நடந்துச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."