ஜாடிக்குள் ஆறு விரல்!

"ஐயோ... இது எம் புருசன் கையி!"

அலறல்!

1936. குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில். ஆடிச் சனிக்கிழமை. சுகாதாரக் கண்காட்சிக் கொட்டகையில் கூட்டம் ஜாடியைச் சுற்றி முண்டியடித்தது!

உத்தமபாளையம் டாக்டர் அபுபக்கருக்கு வியர்த்துக் கொட்டியது. மருத்துவ மாணவர்கள் படிப்பதற்காகப் பதப்படுத்திய உறுப்புகளைச் சென்னையில் இரவல் வாங்கி, வைக்கோல் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி தூக்கி வந்திருந்தார். ஈரல் ஜாடி உடையவில்லை. நுரையீரல் ஜாடி உடையவில்லை. ஆறு விரல் கைதான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்தது!

எஸ்.ஐ. கர்ணன் லத்தியால் ஜாடியைத் தட்டினார்.

"டாக்டர்... யார் கை இது?"

"நான் பொறக்குறதுக்கு முன்னாடியே ஜாடிக்குள்ள போன கை சார்!"

"கைக்கு வயசு சொல்றீகளா? தூக்குக் கயித்துக்கு அதெல்லாம் தெரியாது!"

அலறியவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நான் பஞ்சம்மாள்... சுருளிப்பட்டி சுருளியாண்டி சம்சாரம்யா. மூணு வருசத்துக்கு முந்தி மேகமலை எஸ்டேட்டுக்குப் போறேன்னு போனாக... வரவே இல்ல. அவுகளுக்கும் ஆறு விரலு!"

போச்சு! கர்ணன் கையில் விலங்கு கிணுகிணுத்தது. ஆனாலும் அபுபக்கருக்கு ஒன்று உறுத்தியது... இத்தனை அழுகையிலும் அந்தம்மா கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை!

"அய்யா... அவுக செத்துட்டாகன்னு எழுதிக் குடுங்க. தென்னந்தோப்ப எம் பேருக்கு மாத்தி, நாளைக்கே வித்துப்புட்டு எங்கனயாவது போயிர்றேன்!"

"யாருடி... எந் தோப்ப விக்கிறவ?"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு சாமியார் பாய்ந்தான். தாடி. விபூதி. ஓங்கிய இடது கையில்...

ஆறு விரல்!

பஞ்சம்மாள் லபக்கென்று அந்தக் கையைப் பிடித்தாள். அழுகை நின்றே போனது.

"வாங்க! மேகமலைக்காரி விட்டுட்டாளாக்கும்?"

கர்ணன் விழித்தார். "அப்போ... ஜாடியில இருக்கிறது?"

"அது வலது கையிங்கய்யா. இவுகளுக்கு இடதுலதான் ஆறு."

"தெரிஞ்சேவா கத்துனே?"

"ஏழரைச் சனிக்குப் பயந்து வருசந் தவறாம இங்கன எள்ளு வெளக்குப் போட வருவாக. இம்புட்டுக் கூட்டத்துல எங்கன போயித் தேட? அவுகளையே வர வச்சேன்!"

விலங்கு மறுபடி இடுப்புக்குப் போனது. அபுபக்கருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் ஜாடிக்கே ஒரு சலாம் போட்டார்.

பஞ்சம்மாள் பிடித்த கையை உருவ முடியாமல் சுருளியாண்டி டாக்டர் காலில் விழுந்தான்.

"டாக்டரய்யா... காப்பாத்துங்க!"

பஞ்சம்மாள் சிரித்தாள்.

"காலி ஜாடி ஒண்ணு எடுத்து வைங்க டாக்டரய்யா... இன்னொரு தடவ ஓடுனாகன்னா இந்த இடது கையவும் அனுப்பி வைக்கிறேன். சோடி சேரட்டும்!"