மேட்டுக்கு ஏறிய எலிகள்

முப்பதாம் பெட்டிக்குள் ஏழு உயிர்கள் இருந்தன. ஆற்றங்கரையில் ஒன்றில் தொடங்கி மேடு வரை வரிசையாக வைத்த எலிப்பொறிப் பெட்டிகளில் அதுதான் கடைசி.

எலி ஆராய்ச்சிக்காரி மூடியை லேசாகத் தூக்கி இன்னொரு தடவை எண்ணினாள். நாலு நீரெலி, மூன்று நீர்மூஞ்சூறு. ஒன்றையொன்று கண்டாலே கடித்துக் குதறுகிற பிறவிகள், இப்போது வைக்கோலில் ஒட்டிக்கொண்டு, ஆற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே! அதிலும் இவை தண்ணீரை விட்டு நாலடி தள்ளிக் குடியிருக்காதவை. கரைச் சேற்றில் வளை தோண்டி, கோரைப்புல் மறைவில் குட்டி போடுபவை. இரண்டு வருடமாக அவள் நோட்டு முழுக்க எழுதியது அதைத்தான். மேட்டுப் பெட்டியில் இதுவரை ஒரு வால்கூட விழுந்ததில்லை.

இருபத்தொன்பதிலும் அப்படியே. இருபத்தெட்டிலும்.

கீழே, விடியற்காலை மூடுபனிக்குள், அவள் கணவன் ஒன்றாம் பெட்டியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தான். கணக்கு வாத்தியார்; லீவு நாளில் பெண்டாட்டிக்கு எடுபிடி. பனியில் ஆள் தெரியாது என்பதால் ஓர் ஏற்பாடு: அவள் கூப்பிட்டால், நிற்கிற பெட்டியின் எண்ணை அவன் சொல்ல வேண்டும்.

"என்னங்க!"

"நாலு! எல்லாம் காலி, எலியம்மா. உன் புள்ளைங்க சொல்லாம கொள்ளாம வீட்டைக் காலி பண்ணிட்டுதுங்க!"

அவள் மூடியைச் சாத்தினாள். "விளையாடாதீங்க. போட்டது போட்டபடி மேல வாங்க."

"வரேன், வரேன்."

சேற்றில் கால் பிடுங்கும் சத்தம் பச் பச்சென்று கேட்டது. ஆனால் அது ஏறி வரவில்லை. தவளைகூடக் கத்தவில்லை. அழுகின கோரையின் நாற்றம் மட்டும் மேலே வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"மூணு."

"ஏன் கீழ போறீங்க?"

"ரெண்டு." குரலில் சிரிப்பு இல்லை.

"ஒன்னு."

அதற்கப்புறம் தண்ணீர்தான். அவள் சறுக்கிக்கொண்டே ஓடினாள். கரையில் யாரும் இல்லை. செருப்பு மட்டும் சேற்றில் கிடந்தது.

"என்னங்க..."

"இங்கதான்."

கரைச்சரிவிலிருந்து. கைமுட்டி நுழையும் அளவு வளை ஒன்றிலிருந்து.

ஓடிவிடு என்றது உடம்பு. அவரை விட்டுவிட்டா? குனிந்தாள்.

"கையைக் குடு," என்றது வளைக்குள்ளிருந்து அந்தக் குரல்.

வளையிலிருந்து ஒரு வலது கை நீண்டது. போன வாரம் பெட்டிக் கதவில் நசுங்கிக் கறுத்த கட்டைவிரல் நகம். அவர் கையேதான். பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அழுகை வந்தது.

பக்கத்து வளையிலிருந்தும் ஒரு வலது கை வந்தது. அதிலும் கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அதற்கடுத்ததிலும். கரை நெடுக.