தலை தண்ணீர்ப் பக்கம்

கர்ணன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

சுருளியாண்டிக்கு முதலில் உறுத்தியது அதுதான். அவன் கட்டியிருப்பது கர்ணனின் தங்கை மூக்கம்மாளை. மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்தே மலையேறி, சேர்ந்தே எஸ்டேட்டில் வாட்சர் வேலைக்கு நின்றவர்கள். ஏரிக்கரையில் ஒருவரை உட்கார்த்திவிட்டு மற்றவர் கிளம்பினால், நாணல் முடிகிற வளைவில் நின்று ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவதுதான் வழக்கம். காட்டுமாடு துரத்திய அன்றைக்குக்கூட, ஓடுகிற ஓட்டத்தில் கையைத் தூக்கிக் காட்டியவன் கர்ணன். அதைச் சொல்லிச் சொல்லி கூலிக்காரர் குடியிருக்கும் லயம் முழுக்கச் சிரித்தது. இன்றைக்கு முதுகை மட்டும் காட்டி விறுவிறுவென்று நடந்து பனிமூட்டத்துக்குள் மறைந்துவிட்டான். பாவம், மகள் ராஜாத்தி காய்ச்சலில் கிடக்கிறாள், மனசெல்லாம் அவளிடம் இருக்கும் என்று சுருளியாண்டி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

சின்னமனூரிலிருந்து ஏறுகிற மலையின் உச்சியில், தேயிலைக்கும் அப்பால், சோலைக்காட்டுக்கு நடுவில் கிடக்கிறது கருங்கசம். கசம் என்றால் ஆழம் தெரியாத தண்ணீர். இந்த ஏரியோ கரையை விட்டு ஓரெட்டு வைத்தாலே கசம். ஜெர்மன்காரனோடு மறுபடியும் சண்டை மூண்ட வருஷம் அது. அதற்குச் சில மழைக்கு முன்னால்தான் துரைமார் ட்ரவுட் என்கிற சீமை மீனின் குஞ்சுகளைத் தகரப் பாத்திரங்களில் தலைச்சுமையாக ஏற்றிக் கொண்டுவந்து, தாலாட்டுப் பாடாத குறையாக இங்கே விட்டார்கள். மீன் வளர்ந்தது. கூடவே அதைத் தின்று நீர்நாய்களும் கொழுத்தன. அவை எந்தப் பொந்திலிருந்து வருகின்றன என்று பார்த்துச் சொல்லாவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்று துரை கத்தியிருந்தார். சீமையில் தன் பிள்ளைகுட்டி என்ன ஆயிற்றென்று தெரியாதவர், இங்கே மீனுக்காக இப்படிக் கத்துகிறார்.

ஆகவேதான் சுருளியாண்டி இந்தத் தட்டைக்கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"நீர்நாய்க்கு மூக்கு பொல்லாதது மாப்ளே" என்று கர்ணன் சொல்லியிருந்தான். "பீடி வாட, வேர்வ வாட எதுவும் ஆகாது. ஓடையில முங்கிக் குளிச்சிட்டு வந்துரு."

குளித்துவிட்டு வந்தபோது, கல்லின் மேல் பச்சைப் பெரணி இலைகளைப் பரப்பி வைத்திருந்தான் கர்ணன். கல் சில்லென்று இருக்குமாம். அவ்வளவு கரிசனம்.

"தண்ணியவே பாத்துட்டு இரு. அங்கிட்டு இங்கிட்டுத் திரும்பாத. பொழுது சாய வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"நீங்க எங்கன இருப்பீக?"

"இங்கன தூண்டில் கொட்டகையிலதான்" என்றான் கர்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் பனி இறங்கிவிட்டது. எதிர்க்கரையில் இருந்த மரங்களை முதலில் தின்றது, பிறகு நாணலைத் தின்றது, பிறகு ஏரியின் நடுப்பகுதியையும் மூடிக்கொண்டு, தட்டைக்கல்லுக்கு முன்னால் ஒரு முற்றம் அளவுக்குத் தண்ணீரை மட்டும் விட்டுவைத்தது. இந்த நேரத்துக்குக் கருமந்திகள் உறுமி அடங்கும். இருவாச்சிகள் சோடி சோடியாகத் தலைக்கு மேலே இறக்கை வீசிக் கூடு தேடிப் போகும். ட்ரவுட் மீன்கள் பூச்சிக்குத் துள்ளி ஏரியெங்கும் சளக் சளக்கென்று சத்தம் எழுப்பும். இன்றைக்கு ஒன்றுமில்லை. மரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூட இலையில் விழுந்து ஓசை காட்டாமல் வழிந்து போயிற்று. காற்றில் பச்சை மீனின் வாடை அடித்தது, அதோடு நாள்பட்ட பாசியும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. இந்த வாடையை அண்மையில் எங்கோ மோந்திருக்கிறோமே என்று யோசித்தான். நினைவு வரவில்லை.

இடப்பக்கம் ஒரு மிளாமான் வந்து நின்றது. கிளைத்த கொம்பு, நனைந்த பிடரி, நல்ல வயது வந்த கடா. தாகத்தோடு வந்ததுதான், வாயில் நுரை இருந்தது. தண்ணீருக்கு முகத்தைக் கொண்டுபோனது. அப்படியே நின்றது. பிறகு தலையைத் தூக்கிச் சுருளியாண்டியைப் பார்த்தது. மனித வாடைக்கு மிரண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கல்லில் கிடக்கிற ஒரு பொருளைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டு, குடிக்காமலே பின்வாங்கிக் காட்டுக்குள் போயிற்று.



குனிந்து தண்ணீரைப் பார்த்தான். மீன்கள் இருந்தன. கல்லுக்குக் கீழே, இங்கேயும் அங்கேயும், வரிசையாக, புள்ளி புள்ளியான முதுகுகள். ட்ரவுட் எப்போதும் தண்ணீர் வருகிற திசைக்கு முகத்தைக் கொடுத்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் துரைமாருக்கு எங்கே தூண்டில் வீசலாம் என்று இவன் காட்டுவான். ஓடை வந்து விழுவது வலப்பக்கம். ஆனால் மீன்கள் ஓடைக்கு வாலைக் காட்டிக்கொண்டு, ஒன்று விடாமல், கசத்தின் நடுவைப் பார்த்து நின்றன.

நடுவிலிருந்து என்ன வருகிறது?

அவன் காலை மடக்கிக்கொண்டான். உட்கார்ந்தபோது தண்ணீர் கல்லுக்கு ஒரு முழம் கீழே இருந்தது. இப்போது விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. மழை இல்லை. அலையும் இல்லை. காலை மடக்கியதில் பெரணி இலைகள் கலைந்தன. அப்போதுதான் பார்த்தான். அவை ஏனோதானோவென்று பரப்பியவை அல்ல. காம்புகள் எல்லாம் காட்டுப் பக்கம். நுனிகள் எல்லாம் தண்ணீர்ப் பக்கம்.

இந்தக் கல்லில் இப்படி இலை விரித்து அவனே எத்தனையோ முறை வைத்திருக்கிறான். துரைமார் ட்ரவுட்டை விடுவதற்கு முன்னால், கெண்டையும் ஆரலும் பிடித்த காலத்தில், கருங்கசத்தில் எவன் தூண்டில் போட்டாலும் முதல் மீன் கசத்துக்கு. அதைக் கழுவ வேண்டும். வாலில் மஞ்சள் நூல் கட்ட வேண்டும். பச்சை இலை விரித்துத் தலையைத் தண்ணீர்ப் பக்கம் வைக்க வேண்டும். வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். மீன் துள்ளித் திரும்பிக்கொண்டால், கண்ணை மூடிக்கொண்டு வந்து, தடவிப் பார்த்து, மறுபடி தலையைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ட்ரவுட் வந்த பிறகு எல்லாம் நின்றுபோயிற்று. ஒவ்வொரு மீனும் துரையுடையது; கல்லில் வைத்தால் வேலை போய்விடும். முதல் ட்ரவுட்டைப் பிடித்தவன் கர்ணன். துரை தோளில் தட்டிக்கொடுப்பார் என்று நேரே பங்களாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் அவன்தான்.

சுருளியாண்டி தன் மணிக்கட்டைப் பார்த்தான்.

மஞ்சள் நூல். விடியற்காலையில் மூக்கம்மாள் கட்டியது. ராஜாத்தி பிழைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் கட்டினாள். அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறதாக்கும் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

வாடையும் நினைவுக்கு வந்தது. ராஜாத்தியின் பாயில் அடித்த வாடை. அந்தப் பிள்ளை இருமினால் தண்ணீர் தண்ணீராக வருகிறது. குடித்த தண்ணீர் அல்ல. பாசி மிதக்கிற தண்ணீர்.

சளப்.

அவனுக்கு முன்னால், பனிக்குள். ஈரமான எதையோ தண்ணீரின் மேல் வைத்தது போல ஒரு சத்தம்.

சளப்.

கொஞ்சம் கிட்டத்தில்.

எழுந்து ஓடினான். நாணல் முகத்தில் அறைந்தது. பாதையில் மண் இல்லை, தண்ணீர் நின்றது. கணுக்கால் அளவு. சத்தமே இல்லாமல் வந்து நின்றது. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் செங்குத்தான பாறை. தூண்டில் கொட்டகையைத் தாண்டாமல் மேலே ஏற வழி கிடையாது. அதன் பலகைக் கதவின் இடுக்கில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. அப்பாடா என்று அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

"மச்சான், கதவத் தொறங்க."

உள்ளே மூச்சு மட்டும் கேட்டது.

"நான்தான் மச்சான். சுருளி."

"தெரியும்" என்றான் கர்ணன். "எதுக்குய்யா எந்திரிச்சு வந்த?"

சுருளியாண்டிக்கு அந்தக் கேள்வி முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பலகையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். இடுக்கு வழியாகப் பார்த்தான். கர்ணன் கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இன்னொரு தடவை காட்டுமாட்டுக் கூட்டத்துக்கு நடுவில் தன்னை விட்டுவிடாமல் இழுத்துக்கொண்டு ஓடிய அதே முதுகு.

"ராஜாத்திய என் தோள்ல போட்டு வளத்தேன் மச்சான். மாமா மாமான்னு என் காலக் கட்டிக்கிட்டு நடந்த பிள்ள. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீ மாட்டேன்னுட்டா? அப்பறம் ஒன்னைய எப்பிடி இங்கன கூட்டியாறது?"

"மீனத் தூக்கிட்டுப் போனது நீங்க."

"எனக்கு அந்தப் பிள்ள இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?"

தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சில்லிப்பு எலும்பைத் தொட்டது. பின்னால் சளப். நின்று, சளப். அவசரமே இல்லை அதற்கு. சுருளியாண்டிக்கு ஒன்றே ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டான்.

"மூக்கம்மாளுக்குத் தெரியுமா?"

இடுக்கில் தெரிந்த முதுகு சுவரை ஒட்டிக் குறுகியது.

"அவள ஏமாத்தித்தான் கட்டச் சொன்னேன்னு சொல்லுங்க மச்சான். பொய்யாச்சும் சொல்லுங்க."

"நூலுக்கு மஞ்ச அரச்சதே அவதான்" என்றான் கர்ணன். "அழுதுக்கிட்டேதான் அரச்சா, மாப்ளே."

அவ்வளவுதான். சுருளியாண்டி பலகையிலிருந்து நெற்றியை எடுத்தான். பல வருஷம் அவள் கையால் சோறு தின்றிருக்கிறான். நேற்று ராத்திரி குளிருக்குப் போர்வையை இழுத்துவிட்ட கை. காலையில் நூலை முடிந்து, பல்லால் கடித்து அறுத்தாள். அவள் உதடு மணிக்கட்டில் பட்டது. அப்போதும் தெரிந்தேதான் பட்டிருக்கிறது. யாரிடம் ஓடுவது? எந்த வீட்டுக்கு?

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. கர்ணன் வெளியே வந்தான். மனம் மாறிவிட்டான். மாறாமல் எப்படி? சுருளியாண்டி இரண்டு கைகளையும் நீட்டினான்.

கர்ணனின் கண்கள் மூடியிருந்தன.

இறுக்கி மூடியிருந்தான். இமைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கைகளால் காற்றைத் துழாவினான். தோள் தட்டுப்பட்டது. கழுத்து. முகம். பிள்ளையைத் தொடுவதுபோலப் பதமாகத் தடவினான். பிறகு இரண்டு தோள்களையும் பிடித்து, மெல்ல, மெல்ல, சுருளியாண்டியைத் திருப்பினான். பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து மோவாயைப் பிடித்தான். நிமிர்த்தினான்.

தலை தண்ணீர்ப் பக்கம்.

பாதை இல்லை. நாணல் இல்லை. கொட்டகை வாசல் வரைக்கும் கருங்கசம் வந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ட்ரவுட் மீன்கள் தெரிந்தன. எத்தனையோ. இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் வழி விட்டு நின்றன. அந்த வழியில் தண்ணீர் குழிந்தது. ஒரு குழி. சளப். அதற்கு முன்னால் இன்னொரு குழி. கால் வைக்கிற இடம்போல. கால் மட்டும் இல்லை.

அவன் முன்னால் வந்து நின்றது.

முதுகுக்குப் பின்னால் கர்ணன் விலகுவது கேட்டது. கால்கள் உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே, சுவரோரமாய், கர்ணன் தேம்பித் தேம்பி அழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

மோவாயைப் பிடித்திருந்த கை மட்டும் இன்னும் எடுபடவில்லை. அது ஈரமாக இருந்தது.