உடைந்த பானைக்குள் ஒரு பூனை

"மிஸ்... இங்க ஒருத்தர் குறுக்க படுத்திருக்கார். இவர் நகர்ந்தாத்தான் மிச்சப் பானை ஓடெல்லாம் பொறுக்க முடியும்!"

கையில் தட்டோடு நின்று புகார் சொன்னாள் அந்த ரெட்டைச் சடைக்காரி. ஆறாம் வகுப்பு.

மியூசியத்தின் கல்வி அலுவலர் எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு அவள் 'மியூசியம் மிஸ்'.

உயரமான பீடத்துக்குப் பின்னால் பளபளப்பான ஒரு ஜோடி ஷூ தெரிந்தது.

ஷூவுக்குள் மியூசியத்தின் இயக்குநர் இருந்தார்!

தலையைச் சுற்றி ரத்தம். காலடியில் கவிழ்ந்து கிடந்த ஸ்டூல். மூச்சு... இல்லை.

"வீ...ல்!"

அலறியது மிஸ் இல்லை. பிள்ளைகளைக் கூட்டி வந்த வகுப்பு டீச்சர். அலறி முடித்த கையோடு மயங்கியும் விழுந்தாள்.

பிள்ளைகள் யாரும் அலறவில்லை. மியூசியத்தில் சத்தம் போடக் கூடாது என்று பஸ்ஸிலேயே கண்டித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது பிணம் இருந்தது. பீடம் இருந்தது. காவலாளி விறைப்பாக நின்றிருந்தார்.

"பீடத்து மேல என்ன இருந்துச்சு?"

"கறுப்புப் பானை சார். ரெண்டாயிரம் வருஷத்துப் பானை. நம்ம மியூசியத்துக்கே அதுதான் பேரு."

"அது தலையில விழுந்து செத்திருக்கார். சரி, உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?"

காவலாளி தலையைச் சொறிந்தார்.

"பசங்க எடுத்துட்டாங்க சார்."

"எடுத்து?"

"ஒட்டிக்கிட்டு இருக்காங்க..."

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். அதில் 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடங்கள் சுற்றிப் பார்க்க வரும் நாட்களில் மிஸ் ஒரு மண்பானையை உடைத்துத் தரையில் பரப்பி வைப்பாள். பிள்ளைகள் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்க வேண்டும். வாய், வயிறு, அடி என்று பிரித்துப் பயிற்சி அறையில் ஒட்ட வேண்டும். இன்றைய ஓடுகளை அவள் பரப்பியிருந்தது அடுத்த கூடத்தில். வழியிலேயே இத்தனை ஓடுகள் கிடக்கவும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அள்ளிவிட்டார்கள்.

"ரத்தக்கறை?" என்றார் இன்ஸ்பெக்டர், பயிற்சி அறை வாசலில் நின்று.

"பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிட்டோம் அங்கிள்!" என்றது ஒரு குரல், பெருமையாக.

அவர் மிஸ் பக்கம் திரும்பினார்.

"தடயத்தைக் கழுவி, காய வெச்சு, கோந்து தடவிட்டு இருக்காங்க. நீங்க சொல்லிக் கொடுத்ததா?"

"ஆமா சார்."

"நல்லாச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. காலையில உங்களுக்கும் அவருக்கும் வாய்ச்சண்டையாமே?"

"இன்னையோட ஸ்கூல் டூர் எல்லாத்தையும் நிறுத்தப் போறேன்னார். பசங்க வந்தா எதையாவது உடைப்பாங்களாம். இவ்வளவு வருஷத்துல ஒரு கண்ணாடிகூட உடைஞ்சதில்ல சார்."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

மிஸ் வாயைத் திறப்பதற்குள் காவலாளி உதவிக்கு வந்தார்.

"'பானையை அவ்வளவு உசரத்துல ஏத்தி வெச்சிருக்கீங்களே, ஒரு நாள் உங்க தலையிலதான் விழப் போகுது'ன்னாங்க சார்."

"ரொம்ப நன்றிண்ணே," என்றாள் மிஸ்.

"உள்ளதைத்தானேம்மா சொன்னேன்!"

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" காவலாளியிடம் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"டீ வாங்கப் போயிருந்தேன் சார். ஐயாவே அனுப்பினார். அவர் டீ குடிச்சு நான் பார்த்ததே இல்ல."

"அப்போ உள்ள இருந்தது செத்தவரும் இந்தம்மாவும்தான்." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "கோபம் இருக்கு. மிரட்டல் இருக்கு. சாட்சி டீக்கடையில. ஜீப்ல ஏறுங்கம்மா."

மிஸ் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தது வேறு.

"சார்... பசங்க பார்க்காத மாதிரிக் கூட்டிட்டுப் போறீங்களா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரி செய்தார். அந்தக் கேள்வி அவருக்கு என்னவோ செய்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே. "பின்வாசல் வழியா..." என்று ஆரம்பித்தார்.

"மிஸ்! மிஸ்...! இது என்னோட பானை!"

ரெட்டைச் சடைக்காரி குதித்துக் கொண்டிருந்தாள்.

"எல்லாமே உன்னோட பானைதாம்மா. சத்தம் போடாதே," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்ல அங்கிள்! நானே செஞ்சது! அடிப்பக்கம் உள்ளே பாருங்க!"

பானையின் கீழ்ப் பாதி ஒட்டப்பட்டு மேஜை மேல் நின்றது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார்.

அடியில் ஒரு பெருவிரல் பதிந்த தடம். பக்கத்தில் ஒரு பூனை முகம். மீசையோடு!

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி பூனை இப்படித்தான் சிரிச்சுதா?"

மிஸ் ஓடி வந்து குனிந்து பார்த்தாள்.

"போன வருஷ லீவுப் பயிற்சியில இந்தக் கறுப்புப் பானையைப் பார்த்துப் பசங்களை நகல் செய்ய வெச்சேன் சார். பின்னாடி உடைச்சு ஒட்டறப்ப யாரோடதுன்னு தெரியணுமில்ல... அதனால வாயைக் குறுக்கறதுக்கு முன்னாடியே உள்ளே அடியில விரல் பதிச்சு ஒரு படம் கீறணும். வாய் குறுகல். உடைச்சாத்தான் உள்ளே தெரியும். இவளோடது அச்சு அசலா வந்துச்சு. ஆனா..."

"சூளையில வெடிச்சிடுச்சுன்னு சொன்னாங்க," என்றாள் சிறுமி. "நான் ரெண்டு நாள் சாப்பிடவே இல்ல."

"யார் சொன்னது?"

"படுத்திருந்தாரே... அந்த அங்கிள்."

இன்ஸ்பெக்டர் பூனையை விட்டு மிஸ் பக்கம் திரும்பினார்.

"பீடத்தை எப்போ உயர்த்தினார்?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார்.

"அதுக்கு மறுவாரமே சார். பிள்ளைங்க கை எட்டக் கூடாதுன்னார்..." மிஸ் நிமிர்ந்தாள். "சார்! நாளைக்கு அந்தப் பானைக்கு வயசு பார்க்க நிபுணர் வர்றார்!"

ட்ரிங்... ட்ரிங்...!

இயக்குநரின் செல்போன், தடயப் பைக்குள்ளிருந்து. இன்ஸ்பெக்டர் எடுத்துக் காதில் வைத்தார்.

"என்ன சார், காரியம் முடிஞ்சுதா?" எதிர்முனை அவசரப்பட்டது. "பசங்க உடைச்சிட்டாங்கன்னு சொல்லிட்டீங்கல்ல? அசலை எப்போ கொண்டு வர்றீங்க?"

"கொஞ்சம் தலைவலி," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க இருக்கற இடத்தைச் சொல்லுங்க. நானே ஆள் அனுப்பறேன்."

சொன்னான். ஆள் அனுப்பினார்.

இயக்குநரின் கார் டிக்கியில், பிள்ளைகளின் களிமண் ஏப்ரன்களில் சுற்றிய அசல் பானை பத்திரமாக இருந்தது. ஸ்டூல் மேல் இருந்தது அவருடைய ஷூ தடம் மட்டும். காவலாளியை டீக்கு அனுப்பிவிட்டு, போன வருஷமே தான் மாற்றி வைத்த போலியைப் பிள்ளைகள் வருவதற்குள் உடைத்து, பழியை ஆறாம் வகுப்பின் தலையில் போட ஏறியிருக்கிறார். ஸ்டூல் ஆடியது. பானை அவர் தலையிலேயே விழுந்துவிட்டது.

"கொலையே இல்ல," என்றார் இன்ஸ்பெக்டர். "திருடனும் அவரே, பிணமும் அவரே. யாரை அரெஸ்ட் பண்றதுன்னுதான் தெரியலை. நீங்க கிளாஸைப் பாருங்க மிஸ்."

மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மயக்கம் தெளிந்த டீச்சர் காரணம் தெரியாமலே கூட அழுதாள்.

இன்ஸ்பெக்டர் அசல் பானையைத் தூக்கிப் பார்த்தார். அப்பளம் மாதிரி லேசாக இருந்தது.

"இது விழுந்திருந்தா ஒரு வீக்கத்தோட போயிருக்கும். ஆள் பிழைச்சிருப்பார்." அடுத்து மேஜையில் இருந்ததைத் தூக்கினார். "யம்மாடி... என்ன கனம்!"

ரெட்டைச் சடைக்காரியின் முகம் வாடியது.

"மெலிசாச் செய்யணும்னு மிஸ் அப்பவே சொன்னாங்க அங்கிள். நான்தான் கேக்கலை. மார்க் குறைப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் பானையை மெதுவாக, மரியாதையாகக் கீழே வைத்தார்.

"முழு மார்க் போடச் சொல்றேம்மா. திருடனை அந்த இடத்துலயே மடக்கின ஆளு எங்க ஸ்டேஷன்லகூடக் கிடையாது!"