தோலுக்கு லீவு இல்லை

எழுதிய இரண்டு வரிகளையும் தேவகி அடித்துவிட்டாள். மூன்றாவது வரிக்குப் பேனா நகரவே இல்லை.

அது ஆம்பூரில் ஷபீ அஹமது சாயபுவின் தோல் பதனிடும் கொட்டகை. கடிதம் எழுதும் கணக்கருக்குக் காய்ச்சல். வேலையாள் கன்னியப்பனுக்குச் சோறு கொண்டுவந்த மகள் தேவகிக்கு மட்டும்தான் அங்கே இங்கிலீஷ் தெரியும்.

சென்னை வியாபாரி கேட்டிருந்தார்: 'தோல்கள் இருபது நாளாவது ஊறியிருக்கின்றனவா? இல்லையென்றால் ஆர்டர் வேறு ஆளுக்கு.'

மாலை ரயிலில் பதில் போக வேண்டும். ஆர்டர் கைவிட்டுப் போனால் முப்பது பேருக்கு வேலை இல்லை.

"இன்னாம்மா எழுதின?" என்றார் சாயபு.

"'வீ சோக்டு.' ஊற வெச்சோம்."

"வேலை முடிஞ்சி போச்சின்னு நாளைக்கே வந்து நிப்பாரு!"

"'வீ ஆர் சோக்கிங்.' ஊற வெக்கிறோம்."

"இன்னிக்குத்தான் போட்டோம்னு நெனப்பாரே! பேஜாரா போச்சு."

தேவகி தொட்டிப் பக்கம் போனாள். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோல்கள் ஊறின. தொட்டி ஓரத்தில் ஒரு குச்சி நின்றது. தினமும் காலையில் தோல்களைப் புரட்டியதும் அப்பா அதில் ஒரு வெட்டு போடுவார். தோலை வெளியே எடுக்கும்போதுதான் குச்சியைப் பிடுங்குவார்.

எவ்வளவு நல்ல ஏற்பாடு! எப்போது தொடங்கியது என்பதை வெட்டுகள் சொல்கின்றன. இன்னும் முடியவில்லை என்பதை நிற்கும் குச்சி சொல்கிறது.

பள்ளியில் அர்த்தம் தெரியாமல் ராகம் போட்டுச் சொன்ன 'ஹேவ் பீன்' இதற்குத்தானா!

அவள் வெட்டுகளை எண்ணினாள். பதினெட்டு.

"ரெண்டு கம்மியா இருக்குதே, நைனா!"

கன்னியப்பன் முகம் வாடியது. "திங்கக்கிழமை போட்டது. நாள் தவறாம வெட்டினேனே."

"வெள்ளிக்கிழமையும் வெட்டினியா?"

"வெள்ளிக்கிழமை லீவாச்சே. யாரு வருவாங்க?"

"நமக்கு லீவு. தோலுக்கும் லீவா? தண்ணிய விட்டு எழுந்து வீட்டுக்குப் போயிடுச்சா?"

கன்னியப்பன் வாயைப் பிளந்தார். சாயபு விழுந்து விழுந்து சிரித்தார். "மூணு வெள்ளி போயிருக்குது! சேத்துக்கோ, சேத்துக்கோ!"

தேவகி ஓடிப்போய்ப் பேனாவை எடுத்தாள். 'வீ' என்று தொடங்கவில்லை. ஊறுவது நாம் இல்லையே!

'தி ஹைட்ஸ் ஹேவ் பீன் சோக்கிங் ஃபார் ட்வென்டி ஒன் டேஸ்.'

"அப்டீன்னா?" என்றார் சாயபு.

"இருபத்தோரு நாளைக்கு முன்னாடி தோலுங்க ஊற ஆரம்பிச்சுது, சாயபு. இன்னும் ஊறிக்கிட்டே இருக்குது."