சட்டைக்கு மேல் பனியன்

காலை 7.10. ஓவியர் வீட்டு மேசையில் எலுமிச்சை இருந்தது, பித்தளைச் செம்பு இருந்தது. நடுவிலிருந்த நீலக் கோப்பையைக் காணோம்.

செத்துப்போன மனைவி தினமும் வாய்வைத்துக் குடித்த கோப்பை. அதை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடிக்கும்வரை கூட இருப்பதாக மகள் வாக்குக் கொடுத்திருந்தாள். வெளியூரில் வேலை காத்திருந்தது. திங்களன்று சேராவிட்டால் வேறொருத்திக்குப் போய்விடும். இன்று சனி.

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஏட்டு வந்தார். தன் கைக்கடிகாரத்தையே நம்பாமல் இரண்டு தடவை பார்க்கிற ஆள்.

7.30. ஜன்னல் கொக்கி உள்ளே மாட்டியிருந்தது. பூட்டில் கீறல் இல்லை. சந்தேகமெல்லாம் மகளின் தாய்மாமன் மேல். அக்கா ஞாபகமாகக் கோப்பையைக் கேட்டு, கிடைக்காமல், மூன்று மாதம் முறைத்துக்கொண்டிருந்து, நேற்று மாலைதான் வந்துபோயிருந்தார். கூப்பிட்டதும் வந்தார்.

"எனக்கு வேணும்னா மச்சான் கண்ணு முன்னாடியே எடுத்துட்டுப் போவேன். ஒளிச்சு எடுக்க நான் என்ன அந்நியனா?"

8.00. ஒரு மாதமாகத் துணி போட்டு மூடியிருந்த படத்தை அன்று காலைதான் ஓவியர் திறந்து காட்டியிருந்தார். எலுமிச்சை மஞ்சளாக மின்னியது. செம்பு பளபளத்தது. கோப்பை மட்டும் வெறும் சாம்பல் நிறம்.

ஏட்டு விசாரித்தார். முதலில் சாம்பல் நிறத்தில் ஒளியும் நிழலும் போட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகே மெல்லிய வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள் என்றாள் மகள். சாம்பல் பூசி நாலு மாதமாகிறது, கோப்பைக்கு வண்ணம் ஏற்றுவதுதான் பாக்கி, கோப்பை இல்லாமல் எதைப் பார்த்து ஏற்றுவது என்றார் ஓவியர்.

ஏட்டு படத்திலிருந்த எலுமிச்சையைத் தொட்டார். கோப்பையைத் தொட்டார். பிறகு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்தார்.

8.15. எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"மாமா எடுக்கல. வெளியாளும் வரல. எடுத்தது அதை வரைஞ்சவர்."

"சொந்தப் பொருளை யாராவது திருடுவாங்களா, ஏட்டையா?" என்றாள் மகள்.

ஏட்டு கைக்குட்டையை விரித்தார். சாம்பல் கறை.

"நாலு மாசத்துச் சாம்பல் விரல்ல ஒட்டுமா? இது நேத்துப் பூசினது. சாம்பல் அடியில வரும்னு நீதானேம்மா சொன்னே? சட்டைக்கு மேல ஒருத்தன் பனியன் போட்டிருந்தா, சட்டையில எதையோ மறைக்கிறான்னு அர்த்தம்."

மகள் துணியில் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்தாள். சாம்பல் துணியோடு வந்தது. கீழே நீலம், விளிம்பில் அம்மா கைபட்டுச் சில்லு பெயர்ந்த இடம், அதில் ஒரு பொட்டு வெளிச்சம். ஒரு குறையும் இல்லை.

"எப்பப்பா முடிச்சீங்க?"

"மூணு வாரமாச்சு." ஓவியர் தரையைப் பார்த்தார். "முடிஞ்சா நீ போயிடுவே."

ஓவியர் எழுந்து, கந்தல் துணி போடும் தகர டப்பாவுக்குள்ளிருந்து கோப்பையை எடுத்தார். மாமா அதைக் கையில் வாங்கி, சில்லு பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, மகளிடம் கொடுத்தார்.

"நீயே கொண்டு போ. எனக்குத்தான் படம் இருக்கே" என்றார் ஓவியர்.

கொடியிலிருந்து அப்பாவின் பனியனை உருவிக் கோப்பையை அதில் சுற்றினாள். அதற்கு மேல் தன் சட்டையைச் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.