முப்பது நாளாக இழுக்காதவர்

பழைய நெஞ்சுநோய் வார்டைத் தடுத்து உண்டாக்கிய அறைதான் அலுவலகம். சுவருக்கு எத்தனை பூச்சு பூசியும் மருந்து நெடி மட்டும் இடத்தைக் காலி செய்ய மறுத்தது. சிகரெட்டை விட நினைப்பவர்கள் இங்கே தொலைபேசியில் கூப்பிடுவார்கள். சில மாதம் கழித்து, இங்கே வேலை பார்க்கும் அவள் அவர்களைத் திரும்பக் கூப்பிட்டு, "போன முப்பது நாள்ல ஒரு இழுப்பாவது இழுத்தீங்களா?" என்று கேட்டு, பதிலைக் கணினியில் ஏற்ற வேண்டும். பலர் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணுவார்கள். பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கும்.

விட்டவர்கள் தொகை ஏறினால்தான் அடுத்த வருடமும் சேவை ஓடும். அவள் சம்பளமும் ஓடும். அவள் கணவனும் இந்தச் சேவையில் பேர் பதிந்து சிகரெட்டை விட்டவன்தான். அவன் நுரையீரலில் பாதியை அறுத்தெடுத்த மருத்துவர், "இனி புகை உள்ள போச்சுன்னா ஆள் தங்கமாட்டார்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அன்று பிற்பகல் ஒரு லாரி ஓட்டுநரின் எண்ணுக்குப் போட்டாள். மனைவி எடுத்தாள்.

"அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சும்மா."

மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னாள். கொசுறு வாங்காமல் கடைப்படி இறங்காத ஆள் அவர்.

"ரெண்டு மாசமா இழுக்கலைல்ல? அப்புறம் என்ன, விட்டாச்சுன்னு போடு."

"செத்தவரை எப்படி சார்..."

"உயிரோட இருக்கறவன்தாம்மா புளுகறான். இந்த லிஸ்ட்லயே நம்பகமான ஆள் இவர் ஒருத்தர்தான்!"

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போட்டாள். மாதக் கணக்கு மேலிடத்துக்குப் போயிற்று.

சற்று நேரத்தில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

முதலில் இருமல். ஈரமான, முடிவில்லாத இருமல். பிறகு ஓர் ஆண் குரல், மிகவும் தணிந்து.

"தங்கச்சி, நான் விடலையே."

"யா... யாரு பேசறது?"

"நீ விட்டாச்சுன்னு போட்டதுலேர்ந்து பத்தமாட்டேங்குது. குச்சியைக் கிழிச்சா அணைஞ்சு போகுது. இங்க எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். மாத்திப் போடும்மா."

அவள் மேற்பார்வையாளரிடம் ஓடினாள்.

"எவனோ விளையாடறான், வெச்சுடு. போன கணக்கைத் திருத்தினா நம்ம ரெண்டு பேர் சீட்டும் கிழியும்."

திரும்பி வந்தாள். மேசையைச் சுற்றிலும் ஊசிப்போன புகை வாடை. ரிசீவரைக் காதருகே கொண்டுபோகக் கொண்டுபோக வாடை கூடியது.

"மாத்த முடியாதுண்ணா," என்று கிசுகிசுத்தாள்.

அந்தப் பக்கத்துக் குரலில் பேரம் படியாமல் எழுந்து போகிறவனின் நிதானம் இருந்தது.

"சரி. என் வாய்லதானே பத்தாது? இன்னொரு வாயை வாங்கிக்கறேன்."

"யாரோட வாயை?"

"விட்டவங்க விலாசமெல்லாம் நீதான் சேர்த்து வெச்சிருக்கியே."

இணைப்பு அறுந்தது.

வீட்டுக்கு ஓடினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. கணவன் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். கைகள் காலி. சட்டைப் பையைத் துழாவினாள். பெட்டியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அவன் கண் விழித்தான்.

"ஏங்க, இன்னிக்கு இழுத்தீங்களா?"

"உன் மேல சத்தியமா இல்லடி."

அவன் பொய் சொல்லவில்லை. சொன்ன ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து புகை வந்தது.